மத்தியானம் சூப், சாயங்காலம் பேச்சு

ஆர்க்னித் தீவுகளில் செப்டம்பர் பிறந்தால் பார்லி அறுப்பும் அறிவியல் விழாவும் ஒன்றையொன்று ஒட்டி வருகின்றன. ஸ்காட்லாந்தின் வடகரைக்கு அப்பால் எழுபது தீவுகள். அவற்றில் இருபதில்தான் ஆள் குடியிருப்பு. எல்லோரையும் கூட்டி எண்ணினாலும் 22,000 பேர் தேறினால் அதிகம். கடைமுகத்தன்று எங்கள் மாயவரம் துலாக்கட்டத்தில் இதைவிடக் கூட்டம் சேரும். இவ்வளவு பேரை நம்பி 1991-ல் சர்வதேச அறிவியல் விழா ஒன்றைத் தொடங்கினார்கள். அது இன்னும் நடக்கிறது.

விழாவை நெடுங்காலமாக நடத்திவருபவர் ஹோவி ஃபர்த். அதற்கு முன் ரேடியோ ஆர்க்னியைத் தொடங்கி நடத்தியவர். வானொலிக்காரருக்குத்தான் தெரியும், கேட்கிறவர் எந்த இடத்தில் எழுந்து போய்விடுவார் என்று. விழாவில் சாப்பாட்டுக்குக் கொடுத்திருக்கும் இடத்தைப் பார்த்தால் இந்த அனுபவமும் அதில் கலந்திருக்குமோ என்று தோன்றுகிறது.

*

மத்தியானச் சாப்பாடு தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில். மடக்கு மேஜைகள், துடைத்தால் பளிச்சென்று ஆகிற விரிப்பு. வாசலில் காசு கட்டிவிட்டு நமக்குப் பிடித்த மூலையில் போய் உட்கார முடியாது. ஏப்ரன் கட்டிய ஒருவர் காலி நாற்காலியைக் காட்டுவார், அங்கேதான் உட்கார வேண்டும். இடப்பக்கம் மாட்டுப்பண்ணைக்காரர் இருப்பார், வலப்பக்கம் லண்டனிலிருந்து பேச வந்த பேராசிரியர் இருப்பார். யார் எவர் என்று அறிமுகப்படுத்த ஆள் கிடையாது. சூப் வந்துவிடும்.

சமைப்பதும் பரிமாறுவதும் ஊர்க்குழுக்கள், இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று. ஸ்காட்லாந்துக் கிராமக் கூடங்களில் இது பழைய வழக்கம். சூப், ரொட்டி, வீட்டில் செய்த இனிப்பு, தேநீர். வசூலாகும் பணத்தில் கூரை ஒழுகல் அடைபடும், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வரும்.

பருப்பு சூப் என்று எழுதியிருந்ததும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. மைசூர்ப் பருப்பும் கேரட்டும் குழைய வெந்த அந்த ஆரஞ்சு நிறக் குழம்பின் உயிர் பன்றிக்கால் எலும்பில் இருக்கிறது. கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். முகம் சுளிக்காமல் உள்ளே போய் வேறு சூப் கொண்டுவருகிறார்கள்.

காதுக்கு உணவு இல்லாத வேளையில்தான் வயிற்றைக் கவனிக்கச் சொன்னார் வள்ளுவர். இவர்கள் வரிசையை மாற்றிவிட்டார்கள். வயிற்றுக்குப் பன்னிரண்டரை மணி, காதுக்கு ஏழரை மணி.

*

பேனக் என்று ஒரு ரொட்டி. தட்டையான இரும்புக் கல்லில் போட்டுச் சுடுவது. உள்ளங்கையை விரித்தால் கொள்ளும் அளவு. பழுப்பு நிறத்தில் கொஞ்சம் சாம்பல் கலந்த மாதிரி, மேலே மாவுத்தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்தால் கோதுமை ரொட்டிபோல இழுபடாது, உதிரும். முதல் வாய்க்குக் கொஞ்சம் கசக்கிறது. இரண்டாவது வாயில் மண்வாசமும் சூளையில் காய்ந்த தானியத்தின் புகைவாசமும் வருகின்றன. வெண்ணெயும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் சேர்த்தால் அதற்குமேல் நிறுத்துவது கஷ்டம்.

மாவு ‘பேர்’ என்கிற பார்லியில் அரைத்தது. ஆறு வரிசைக் கதிர், பழங்காலத்து நாட்டு விதை. மே மாதத்தில் விதைத்தால் தொண்ணூறு நாளில் கதிர் முற்றிவிடும் என்பது வழக்குச் சொல். கோடையில் இங்கே பதினெட்டு மணி நேரம் வெயில் நிற்கிறது, அந்த வெளிச்சத்தைக் குடித்து அவசர அவசரமாக வளர்கிற பயிர். தண்டு நீளம், காற்றில் சாய்ந்துவிடும். புது ரகங்களோடு பார்த்தால் விளைச்சலும் குறைவு. அதனால் ஏறக்குறைய வழக்கொழிந்தே போயிற்று. பிர்சே என்ற ஊரில் 1873-ல் கட்டிய பேரனி மில் என்கிற ஆலை இன்றும் நீர்ச்சக்கரத்தால் ஓடி அதை அரைக்கிறது.

ரொட்டி சுட்ட அம்மாளிடம், விளைச்சல் குறைவென்றால் ஏன் போடுகிறார்கள் என்று கேட்டேன். “கடலோர மணல் வயலில் வேறு எதைப் போட்டாலும் வெளுத்துப் போகும். இது மட்டும் பச்சையாக நிற்கும். என் மாமனார் சொல்வார்” என்றார்.

அந்த வெளுப்புக்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் மாங்கனீசு. கிளிஞ்சல் பொடிந்து சுண்ணாம்பேறிய மணலில் மாங்கனீசு இருந்தாலும் வேருக்குக் கிட்டாது. புது ரகங்கள் பட்டினி கிடந்து மஞ்சளாகின்றன, இந்தப் பழைய பார்லி எப்படியோ உறிஞ்சிக்கொள்கிறது. எந்த மரபணு அதைச் செய்கிறது என்று கண்டால் வருங்கால ரகங்களுக்கு உதவும் என்று தேடுகிறார்கள். ஆர்க்னிக் கல்லூரியின் வேளாண் ஆய்வகமும் இந்தப் பயிரைப் பல்லாண்டாக வயலில் போட்டுப் பார்த்துவருகிறது.

மாமனாரின் சொல்லும் ஆய்வாளரின் அளவும் ஒரே வயலைத்தான் சொல்கின்றன. முதல் சொல் இல்லாமல் இரண்டாவது தேடலே தொடங்கியிருக்காது. இதை ஒரு மேடையில் நின்று சொன்னால் உபசார வார்த்தையாகப் போய்விடும். ரொட்டி கையில் இருக்கும்போது அது வெறும் நடப்பு.

*

என் மகள் இங்கே டாக்டர். அவளோடு இருக்கத்தான் வந்திருக்கிறேன். கூடத்துக்குள் நுழைந்ததும் பாதிப் பேர் அவளுடைய நோயாளிகள் என்பது எனக்கே தெரிந்துவிட்டது. அவள் முகத்தில் ஒரு சிறு எச்சரிக்கை வந்தது. சூப் ஊற்றியவரின் சர்க்கரை அளவு அவளுக்குத் தெரியும். அவரோ பெரிய துண்டுச் சாக்லேட் கேக்கைத் தன் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு இவளையே பார்த்துச் சிரித்தார். இவள் கேக்கைப் பார்க்கவில்லை.

“கேட்க மாட்டியா?” என்றேன்.

“இங்கே கேட்கக்கூடாதும்மா. அவர் வெள்ளிக்கிழமை வருவார், அப்போ நானே கேட்டுக்கறேன்.”

எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் தெரியாததுபோல இருப்பதற்கு ஒரு இலக்கணம் வேண்டியிருக்கிறது. அறிவைப் பகிர்வதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எங்கே வைத்து எதைப் பேசாமல் இருக்கவேண்டும் என்பதும் அதில் சேர்த்தி. பெண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த காலத்தில், மதிப்பெண்ணை வகுப்பு முழுக்க உரக்க வாசிக்கும் வழக்கம் எங்கள் எல்லோரிடமும் இருந்தது. அதில் யாருக்கும் ஒன்றும் உறுத்தியதில்லை.

*

நம் பக்கத்துக் கூட்டங்களை நினைத்துக்கொள்கிறேன். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுப்பதைப் பற்றி ஒரு சிற்றுரை. கடைசியில், நேரமின்மை காரணமாகக் கேள்விகளைத் தவிர்க்கிறோம். விஞ்ஞானி வந்த காரிலேயே போய்விடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று பேர் மேடையில் இருந்து முந்நூறு பேர் கீழே இருந்தால் கேள்வி கேட்கிறவன் எழுந்து நிற்பதே பெரிய பாடு. தெருமுனையிலும் திண்ணையிலும் வைத்து இதை உடைக்கப் பார்த்தவர்கள் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள். அவர்களுடைய ‘துளிர்’ இதழைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் இன்றும் சட்டென்று கை தூக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே மாலைப் பேச்சில் கேள்வி நேரம் வந்ததும் தயக்கமில்லாமல் கை உயர்கிறது. மத்தியானம் உப்பு டப்பாவை நகர்த்திக் கொடுத்த மனுஷரிடம் கேட்பதற்குத் தயக்கம் எதற்கு? பேச வந்தவருக்கும் அப்படித்தான். கூட்டத்தில் தெரிந்த நாலு முகங்களைப் பார்த்துப் பேசுகிறார்.

ரொம்பவும் மெச்சிக்கொள்ளவும் வேண்டாம். மாலைக் கூட்டத்தில் பெரும்பாலும் நரைத்த தலைகள், என்னுடையதும் சேர்த்து. ஒரு பேச்சாளர் எழுத்து நிறைந்த படங்களை வாசித்துக்கொண்டே போனார், பாதியில் எனக்குக் கண் சொருகியது. வெளித்தீவுக்காரர்களுக்கு மாலைப் பேச்சு என்பதே தங்க இடம் பார்க்க வேண்டிய செலவு, பேச்சு முடிகிற நேரத்துக்குத் திரும்பிப் போகக் கப்பல் கிடையாது. அதனால் சில நிகழ்ச்சிகளை அந்தத் தீவுகளுக்கே கொண்டுபோகிறார்கள்.

*

நார்த் ரொனால்ட்சே என்ற வடகோடித் தீவின் ஆடுகளைப் பற்றிக் கேட்டது மனத்தைவிட்டுப் போகவில்லை.

1832-ல் அந்தத் தீவைச் சுற்றி, ஆள் உயரத்துக்கு, சுண்ணாம்புக் காரை இல்லாமல் கல்லை அடுக்கி ஒரு சுவர் எழுப்பினார்கள். நீளம் சுமார் 21 கிலோமீட்டர். ஆடு வெளியே போகாமல் இருக்கக் கட்டியதல்ல, உள்ளே வராமல் இருக்கக் கட்டியது. உள்ளே பயிரும் மாட்டுக்குப் புல்லும். ஆடுகளுக்குக் கரைப்பாறையும் கடற்பாசியும். குட்டி போடுகிற காலத்தில் மட்டும் புல்வெளிக்கு விடுவார்கள். சுவரையும் ஆடுகளையும் ஊர்ப் பஞ்சாயத்து ஒன்று நிர்வகிக்கிறது. புயலில் சரிகிற கற்களை மறுபடி அடுக்க ஆள் போதாமல், இப்போது கோடையில் வெளியூர்க்காரர்களையும் கூப்பிடுகிறார்கள்.

அந்த ஆடுகளுக்குப் பகல் இரவு கணக்கில்லை. கடல் வற்றினால் பாசி மேய்கின்றன, பெருகினால் மேட்டில் படுத்து அசை போடுகின்றன. பாசியில் தாமிரம் குறைவு. கிடைக்கிற துளியையும் உடம்பு விடாமல் பிடித்துக்கொள்ளும்படி தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறது. ஆகையால் நல்ல புல்லில் நிரந்தரமாக விட்டால் ஆபத்து. மற்ற ஆடுகள் தின்று கொழுக்கும் அதே புல்லின் தாமிரம் இவற்றின் ஈரலில் சேர்ந்து விஷமாகிக் கொன்றுவிடும்.

வறுமையில் பழகிய உடம்பு செழிப்பைத் தாங்காமல் போவது. இதை எழுதிவிட்டு, மேலே யோசித்துக்கொண்டு போகாமல் நிறுத்திக்கொள்கிறேன். ஆட்டைப் பற்றிய செய்தி ஆட்டைப் பற்றியதாகவே இருக்கட்டும்.

*

தீவுக்கூட்டத்தின் மேற்கே அட்லாண்டிக், கிழக்கே வடகடல். இரண்டிலும் ஓதம் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை. ஒரு பக்கம் நீர்மட்டம் உயர்ந்திருக்க மறுபக்கம் தாழ்ந்திருக்கும், நடுவே உள்ள சந்துகளில் கடல் ஆறாக ஓடும். ஈடே தீவை ஒட்டிய ஃபால் ஆஃப் வார்னெஸ் என்ற நீரிணையில் வேகம் விநாடிக்கு நாலு மீட்டர் வரை போகிறது. 2003-ல் ஸ்ட்ரோம்னஸ் என்ற ஊரில் அமைந்த ஐரோப்பியக் கடலாற்றல் மையம் ஓத விசையாழிகளைச் சோதிப்பது இங்கேதான். 2021-ல் 74 மீட்டர் நீளமுள்ள ஓ2 என்கிற மிதக்கும் விசையாழியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டு மெகாவாட். காற்றாலையும் சேர்த்து, தங்கள் தேவையை மிஞ்சிய மின்சாரத்தைத் தீவுக்காரர்கள் 2013-லிருந்தே எடுத்துவருகிறார்கள்.

இதையெல்லாம் ஒருவர் படம் போட்டு விளக்கி முடித்தால், இந்தத் தீவில் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். கேட்டவர், பிற்பகலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பெரியவர்.

“இவ்வளவு கரண்ட் எடுக்கிறோம். எங்கள் வீட்டை ஏன் சூடாக வைத்துக்கொள்ள முடியவில்லை?”

கூடத்தில் சிரிப்பு எழவில்லை. ஸ்காட்லாந்திலேயே குளிருக்கு வீட்டைச் சூடேற்றக் காசு போதாத குடும்பங்கள் மிகுந்த பகுதிகளில் ஆர்க்னியும் ஒன்று. பேச்சாளர் மழுப்பாமல் பதில் சொன்னார். விலை நாடு முழுவதற்குமான சந்தையில் தீர்மானமாகிறது, இங்கே கடலில் தீர்மானமாவதில்லை. இங்கிருந்து கரைக்குப் போகும் கேபிள்கள் சிறியவை. காற்று பலமாக அடிக்கிற நாளில் காற்றாலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வருகிறது. வீணாகும் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க ஈடேயில் முயன்று பார்த்தது அதனால்தான். வீடுகளோ பழைய கல் வீடுகள், காற்று புகாத வீடு குறைவு.

பெரியவர் கேட்டுக்கொண்டார். “அப்படியென்றால் என் கேள்விக்குப் பதில், இப்போதைக்கு முடியாது என்பதுதானே?” என்றார். “ஆமாம்” என்றார் பேச்சாளர். அந்த ஆமாம் எனக்குப் பிடித்திருந்தது. விசையாழியின் நீளத்தைவிட அது அதிகம் நினைவில் நிற்கிறது.

*

பந்தி இந்தத் தீவுகளுக்குப் புதிதல்ல. நெஸ் ஆஃப் பிராட்கர் என்ற நிலக்கழுத்தில் 2003-ல் உழவுக்கு ஒரு கல் சிக்கியது. அதிலிருந்து தொடங்கிய அகழாய்வு 2024 ஆகஸ்டில் முடிந்து, தோண்டியதை எல்லாம் மறுபடி மண்ணால் மூடிவிட்டார்கள். அங்கே இருந்த பெருங்கட்டடம் ஒன்றுக்குப் பத்தாம் எண் கொடுத்திருந்தார்கள். பொ.ஆ.மு. 2400-ஐ ஒட்டி அதை மூடும்போது சுற்றிலும் மாட்டெலும்பு குவிந்திருக்கிறது, சுமார் 400 மாடுகளுடையது. பெரும்பாலும் கணைக்கால் எலும்பு, மஜ்ஜைக்காக உடைத்தது. ஒரே விருந்தா, பல தடவையாகச் சேர்ந்ததா என்று வாதம் இருக்கிறது. எப்படியிருந்தாலும் பெரிய பந்தி. பல தீவுகளிலிருந்தும் படகில் வந்திருக்க வேண்டும், அவர்களுக்கும் ஓதம் பார்த்துத்தான் திரும்ப வேண்டியிருந்திருக்கும்.

பந்திக்குப் பின் என்ன பேசினார்கள் என்பதற்கு எலும்பு கிடைக்காது.

*

ஜான் ரேயைப் பற்றி எனக்குச் சொன்னது மாலைப் பேச்சல்ல, மத்தியான மேஜை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற மாலுமி. ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்று எதிரே இருந்தவர் கண்ணால் எச்சரித்தும் நான் கேட்டுவைத்தேன்.

ரே 1813-ல் ஸ்ட்ரோம்னஸுக்கு அருகே, ஹால் ஆஃப் கிளெஸ்ட்ரெய்ன் என்ற வீட்டில் பிறந்தவர். டாக்டர். ஹட்சன் விரிகுடா கம்பெனியின் வேலையாக ஆர்க்டிக் கனடாவுக்குப் போனார். மற்ற பிரிட்டிஷ் பயணிகள் வீட்டுச் சாமானை எல்லாம் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ரே அங்கே வாழும் இனுயிட் மக்களிடம் கற்றுக்கொண்டார். பனிக்கட்டி வீடு கட்டினார், வேட்டையாடிச் சாப்பிட்டார், பனிச்செருப்பில் ஆயிரக்கணக்கான மைல் நடந்தார்.

1845-ல் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களில் ஆர்க்டிக்குக்குப் போன ஃபிராங்க்ளின் என்ற கடற்படை அதிகாரியின் குழு காணாமல் போயிருந்தது. அவர்கள் என்னவானார்கள் என்ற செய்தியை 1854-ல் ரே இனுயிட்களிடம் கேட்டறிந்து வந்தார். பசியில் செத்தார்கள், கடைசியில் பிணத்தையும் தின்றிருக்கிறார்கள். லண்டன் கொதித்தது. ஃபிராங்க்ளினின் மனைவி ரேயை மன்னிக்கவில்லை. சார்ல்ஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில், நாகரிகமற்றவர்களின் பேச்சை நம்பலாமா என்று எழுதினார். ரேக்குச் சர் பட்டம் வரவேயில்லை.

பிற்காலத்தில் கண்டெடுத்த எலும்புகளில் கத்தி பட்ட தடம் இருந்தது. எரிபஸ் 2014-லும் டெரர் 2016-லும் கடலடியில் கிடைத்தன. தேடுவதற்கு வழி காட்டியதில் இனுயிட்கள் வாய்மொழியாகக் காத்துவந்த செய்திக்குப் பெரும் பங்கு.

டிக்கன்ஸ் அந்த மனிதர்களோடு ஒருநாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, ரே சாப்பிட்டவர். யாருடைய சொல்லை நம்புவது என்பதில் இது இவ்வளவு தூரம் விளையாடும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. ரொட்டி சுட்ட அம்மாளின் மாமனார் நினைவுக்கு வந்தார். மாங்கனீசு என்ற சொல் கிடைக்கும்வரை அவர் சொன்னதையும் யாரோ ஒதுக்கித்தான் வைத்திருப்பார்கள்.

“2014 செப்டம்பரில் எரிபஸைக் கண்டுபிடித்தார்கள். அதே மாதக் கடைசியில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் எங்கள் ரேக்கு ஒரு கல் பதித்தார்கள்” என்றார் மாலுமி.

“நல்லதுதானே?” என்றேன்.

“கல் நல்ல கல்தான். அவர் பிறந்த வீட்டை முதலில் மீட்க வேண்டும். பல வருஷம் பாழாகக் கிடந்தது. ஒரு சங்கம் வைத்துப் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் இயற்பியல் டீச்சர் என்றாரே உங்கள் மகள், ஈரம் ஏறிய கல்சுவரைப் பற்றி ஏதாவது தெரியுமா?”

தெரிந்ததைச் சொன்னேன். நுண்துளை வழியாக நீர் மேலேறுவது, சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்வது, பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி என்பது. அதுவரை பேசிக்கொண்டே இருந்தவர் வாயை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எதிரே இருந்தவரை அழைத்து, “இவன் சிமெண்ட் கட்சியில் இருக்கிறான், இவனுக்கு இன்னொரு தடவை சொல்லுங்கள்” என்றார்.